குரங்கு, மருந்து, அறிதுயில்... தெரியுமா உங்களுக்கு?

மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொன்ன கதை நமக்கெல்லாம் தெரியும். பாவம், அன்று முதல் அந்த மனுஷனுக்கு மருந்துக் கிண்ணத்தைத் தொட்டாலே குரங்குதான்! ஆனால் அந்தக் கதையை ஒரு அமெரிக்க உளவியலாளர் ஆய்வுக்கூடத்தில் வைத்தே சோதித்துவிட்டார் என்பது தெரியுமா? வருடம் 1987. டேனியல் வெக்னர் என்பவர் மாணவர்களை உட்காரவைத்து, “அடுத்த ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள். நினைத்துவிட்டால் மணியை அடியுங்கள்” என்றார். மணி ஓயவில்லை! வேடிக்கை அதோடு முடியவும் இல்லை. “சரி, இப்போது தாராளமாக நினைக்கலாம்” என்று அவிழ்த்துவிட்டபோது, முதலில் அடக்கி வைத்தவர்களின் தலைக்குள்தான் கரடிகள் கூட்டம் கூட்டமாக வந்தன. ஆரம்பத்திலேயே நினைக்க அனுமதி பெற்றவர்களுக்குக்கூட அத்தனை வரவில்லை.

கரடி இருந்த இடத்தில் காமத்தை வைத்துப் பாருங்கள். “இனி அந்தப் படங்களைப் பார்க்க மாட்டேன், அந்தப் பக்கமே போக மாட்டேன்” என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு, அன்று ராத்திரியே சத்தியத்தை உடைத்து, விடிந்ததும் தன்னைத் தானே திட்டிக்கொள்கிறவர்கள் எத்தனை பேர்! இந்தச் சுழலிலிருந்து வெளியே வர ஹிப்னோதெரபி, அதாவது வசிய சிகிச்சை, கை கொடுக்குமா என்று தேடிப் போனால், வழி நெடுக ஆச்சரியம்.

இந்த அடக்க முடியாத காமத்துக்கு மருத்துவத்தில் தனி எண்ணே உண்டு, தெரியுமா? உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், 11ஆம் பதிப்பு, எண் 6சி72. ‘கட்டுக்கடங்காப் பாலியல் நடத்தைக் கோளாறு’ என்று தமிழில் சொல்லலாம். 2019 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பட்டியல் அது. அந்த எண்ணின் அக்கம்பக்கத்து வீடுகளில் யார் யார் என்று பாருங்கள்: 6சி70, தீ வைக்கும் வெறி! 6சி71, திருடும் வெறி! 6சி73, சட்டென்று வெடிக்கும் ஆத்திரம்! உந்துதலை அடக்க முடியாதவர்களின் தெரு அது. சாராயமும் சூதாட்டமும் குடியிருக்கும் ‘அடிமைப்பழக்கம்’ தெருவில் இதற்கு வீடு கொடுக்கவில்லை. ‘செக்ஸ் அடிக்‌ஷன்’ என்று நாம் வாய்க்கு வாய் சொல்லும் பெயரை அந்தப் பட்டியல் வைத்துக்கொள்ளவே இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இன்னும் கறார். மார்ட்டின் காஃப்கா என்ற மருத்துவர் 2010இல் அளவுமீறிய காமத்தையும் ஒரு கோளாறாகச் சேர்க்கும்படி விரிவாக எழுதிக் கொடுத்தார். 2013இல் அவர்களுடைய கையேடு வெளிவந்தபோது அதைக் காணோம்!

யாரோ நாலு பேர் விவகாரம் என்று நினைத்துவிடாதீர்கள். 42 நாடுகளில் 82,243 பேரிடம் கேட்டு 2023இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, சுமார் 5% பேர் இந்தக் கோளாறின் அபாய எல்லைக்குள் இருப்பதாகச் சொன்னது. பெண்களும் அதில் உண்டு.

இப்போது சொல்வதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை, வாரத்துக்கு எத்தனை தடவை என்று எண்ணிப் பார்த்து இந்த நோயைத் தீர்மானிப்பதே இல்லை! ஆறு மாதமோ அதற்கு மேலோ, வேலை, படிப்பு, குடும்பம், உடம்பு எல்லாம் கெடுவது கண்ணுக்குத் தெரிந்தும், பல தடவை முயன்றும், இன்பமே வற்றிப்போன பிறகும் நிறுத்த முடியவில்லையா என்பதுதான் கேள்வி. ‘நான் செய்வது பாவம்’ என்ற குற்ற உணர்வு மட்டுமே வேதனைக்குக் காரணம் என்றால், அது இந்தக் கோளாறு ஆகாது என்று பட்டியலே கைப்பட எழுதி வைத்திருக்கிறது. சிகிச்சை தேடி வருகிறவர்களில் கணிசமானவர்களுக்குப் பழக்கத்தின் அளவு சாதாரணமாக இருக்கும், குற்ற உணர்வுதான் மலையளவு இருக்கும். அவர்களுக்குத் தேவை வசியம் அல்ல, விளக்கம்.

இந்த இடத்தில் நம் ஊர்ச் சங்கதி ஒன்று வந்தே தீரும். “வாலிப, வயோதிக அன்பர்களே!” என்று தொடங்கும் குரலைக் கேட்டு வளராத தமிழர் உண்டா? இந்தத் தேதியில் இந்த ஊரில் இந்த லாட்ஜ், இன்ன நம்பர் அறை. கைப்பழக்கத்தால் நரம்பு தளர்ந்தது, தாது நஷ்டம் ஆனது என்று பயமுறுத்திவிட்டு லேகியம் விற்கும் குரல். அந்த விளம்பரங்களைத் தடுக்க 1954ஆம் ஆண்டிலிருந்தே ஒரு மத்திய சட்டம் இருக்கிறது, தெரியுமா? மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம். பாலியல் சக்தியைக் கூட்டித் தருவதாக ஒரு மருந்தை விளம்பரம் செய்வதே குற்றம் என்கிறது அது. எழுபது வருடமாகச் சட்டம் ஒரு பக்கம், லாட்ஜ் ஒரு பக்கம்! விந்து போனால் உயிரே போகிறது என்ற இந்தப் பயத்துக்கு 1960இல் இந்திய மனநல மருத்துவர் நரேந்திர விக் ஒரு பெயர் வைத்தார். நம்முடைய ‘தாது’தான் அது. உலகத்து மனநலப் புத்தகங்களில் ‘தாத் சிண்ட்ரோம்’ என்று ஏறி உட்கார்ந்திருக்கிறது.

சரி, ஹிப்னாடிசத்துக்கு வருவோம். மேடையில் ஆளைத் தூங்கவைத்து, வெங்காயத்தைக் கொடுத்து ஆப்பிள் என்று தின்னவைப்பார்களே, அந்த வித்தையின் பூர்வீகத்தில் ஒரு கோவாக்காரர் இருக்கிறார்! 1756இல் காண்டோலிம் கிராமத்தில் பிறந்த அபே ஃபாரியா. கோவாவில் இன்றும் சொல்லும் கதை இது: லிஸ்பனில் அரசிக்கு முன்னால் பிரசங்கம் செய்ய ஏறிய இளம் பாதிரியார் ஃபாரியாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கீழே இருந்து அப்பா கொங்கணியில் கிசுகிசுத்தாராம், “எல்லாம் வெறும் காய்கறிடா, நறுக்கித் தள்ளு!” அவ்வளவுதான், பிரசங்கம் அருவியாகக் கொட்டியது. ஒரே ஒரு சொல்லுக்கு மனசு இப்படித் திரும்புமா என்று யோசிக்கத் தொடங்கியவர், பிற்பாடு 1813இல் பாரீசில் கூட்டம் கூட்டி விளக்கினார். சக்தி வசியம் செய்கிறவன் கையில் இல்லை, வசியப்படுகிறவன் மனசில் இருக்கிறது என்றார். பணஜியில், ஒரு பெண்ணின் மேல் கைகளை நீட்டி நிற்கும் அவருடைய சிலையை இப்போதும் பார்க்கலாம். (அலெக்சாண்டர் டூமாவின் நாவலில் சிறைக்குள் வரும் பாதிரியாருக்கும் இவர் பெயர்தான்.)

ஃபாரியாவுக்கு முன்னால் மெஸ்மர். உடம்புக்குள் காந்தத் திரவம் ஓடுகிறது, கையசைத்தே அதைச் சரிசெய்வேன் என்று பாரீசையே கிறங்க வைத்தவர். 1784இல் பிரெஞ்சு மன்னர் ஒரு விசாரணைக் குழு போட்டார். குழுவில் யார் தெரியுமா? மின்னலைப் பிடித்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின், வேதியியலின் தந்தை லவாசியே, பிற்காலத்தில் தலைவெட்டும் எந்திரத்துக்குத் தன் பெயர் ஒட்டிக்கொண்ட டாக்டர் கில்லட்டின்! (லவாசியே பத்து வருடம் கழித்து அதே எந்திரத்தில் தலையைக் கொடுத்தார். விதி!) ஃபிராங்க்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு ஏப்ரிகாட் மரத்துக்குக் ‘காந்தம் ஏற்றினார்கள்’. 12 வயதுப் பையன் ஒருவனைக் கண்ணைக் கட்டி, காந்தம் ஏற்றாத மரங்களிடம் அழைத்துப் போனார்கள். நாலாவது மரத்தடியில் பையன் மயங்கி விழுந்தான்! மரமாவது, காந்தமாவது? எல்லாம் கற்பனையின் வேலை என்று குழு எழுதியது. ஊருக்குத் தெரியாமல் மன்னருக்கு மட்டும் இன்னொரு ரகசிய அறிக்கையும் போனது. ஆண் மருத்துவர் பெண் நோயாளியை இத்தனை நெருக்கமாக உட்காரவைத்துத் தடவுவதும், அவள் கிறங்குவதும் ஒழுக்கத்துக்கு ஆபத்து என்றது அது. காமமும் வசியமும் அன்றைக்கே ஒரே கட்டிலில்!

வங்காளத்தில் ஹூக்ளியில் 1845 ஏப்ரலில் நடந்தது இன்னும் பெரிய கூத்து. ஜேம்ஸ் எஸ்டேல் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் மெஸ்மரிசத்தைப் புத்தகத்தில் படித்திருந்தாரே தவிர, கண்ணால் பார்த்ததில்லை. விரைவீக்கத்தோடு வந்த ஒரு கைதியிடம் செய்து பார்த்தார், பலித்தது! அதன் பிறகு யானைக்கால் நோயால் விரைப்பையில் வளர்ந்த ராட்சதக் கட்டிகளை எல்லாம் மயக்க மருந்தே இல்லாமல் நூற்றுக்கணக்கில் அறுத்து எடுத்தார். கல்கத்தாவில் மெஸ்மரிச ஆஸ்பத்திரியே திறந்தார்கள். 1847இல் குளோரோஃபார்ம் வந்தது, கடை சாத்தியது.

சிக்மண்ட் ஃபிராய்டும் முதலில் ஹிப்னாடிச வைத்தியர்தான், தெரியுமா? ஒரு நாள் மயக்கத்திலிருந்து விழித்த பெண் நோயாளி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நல்லவேளை, வேலைக்காரர் உள்ளே வந்தார். தன் அழகுக்காக அவள் கட்டிக்கொள்ளவில்லை என்ற அடக்கம் தனக்கு இருந்ததாக அவரே எழுதுகிறார். ஹிப்னாடிசம் போயிற்று, அவர் அறையில் சாய்வுக் கட்டில் மட்டும் மிச்சம் நின்றது.

இனி சிரிக்க முடியாத பக்கம். பாலியல் நடத்தையை ஹிப்னாடிசத்தால் ‘திருத்தும்’ முயற்சி 1880களிலேயே தொடங்கிவிட்டது. மியூனிக்கின் ஷ்ரெங்க் நோட்சிங் என்ற மருத்துவர், 45 தடவை ஹிப்னாடிசம் செய்தும் விபசார விடுதிக்கு அனுப்பியும் ஒரு தன்பாலின ஈர்ப்பாளரை மாற்றிவிட்டதாக 1889இல் பாரீஸ் மாநாட்டில் மார்தட்டினார். நோயே இல்லாததற்கு வைத்தியம்! தன்பாலின ஈர்ப்பை உலக சுகாதார நிறுவனம் நோய்ப் பட்டியலிலிருந்து எடுக்க 1990 மே 17 வரை ஆயிற்று. ‘மாற்று சிகிச்சை’ என்ற பெயரில் நடக்கும் இந்தக் கொடுமையைத் தடுக்கச் சொல்லி 2021 ஜூனில் வழிகாட்டியது நம் சென்னை உயர் நீதிமன்றம், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். அடுத்த ஆண்டே தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. ஆகவே யாராவது ஒருவர் ‘ஹிப்னோதெரபியால் உங்கள் பையனைச் சரிசெய்து தருகிறேன்’ என்று சொன்னால், பையனைக் கூட்டிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது ஒரு சின்ன சோதனை, உட்கார்ந்த இடத்திலேயே! ஒரு சாண் நூலில் மோதிரத்தைக் கட்டுங்கள். காகிதத்தில் ஒரு வட்டம் போடுங்கள். முழங்கையை மேஜையில் ஊன்றி, மோதிரத்தை வட்டத்துக்கு மேலே தொங்கவிடுங்கள். கையை அசைக்கவே கூடாது. மோதிரம் வட்டமாகச் சுற்றுவதாகக் கற்பனை மட்டும் செய்யுங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சுற்ற ஆரம்பிக்கும்! பேயும் இல்லை, காந்தமும் இல்லை. நினைப்பு, நமக்கே தெரியாத நுண்ணசைவாக விரலில் இறங்குகிறது. பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் 1833இலேயே இதை எழுதி வைத்துவிட்டார். உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்க்கிறவர்களுக்கு இதைச் சொன்னால் கோபம் வரும், வரட்டும்.

எல்லோருக்கும் ஒரே அளவில் வசப்படாது ஹிப்னாடிசம். 1959இல் ஸ்டான்ஃபோர்டில் அதற்கென்றே அளவுகோல் செய்தார்கள். சிலருக்குச் சொன்னதும் பிடிக்கும், சிலருக்கு எதுவும் நடக்காது, பலர் நடுவில். இது உயரம் மாதிரி, கூடப்பிறந்த சங்கதியாக நிற்கிறது: அதே ஆட்களை 25 வருடம் கழித்து மறுபடி சோதித்தபோதும் மதிப்பெண் பெரிதாக மாறவில்லை!

மூளைக்குள் என்ன நடக்கிறது? 2016இல் டேவிட் ஸ்பீகல் குழு 545 பேரைச் சலித்து, நன்றாக வசப்படும் 36 பேரையும், கொஞ்சமும் வசப்படாத 21 பேரையும் ஸ்கேனில் படுக்கவைத்தது. வசப்பட்டவர்களுக்கு, ‘அங்கே என்ன சத்தம், இங்கே என்ன ஆபத்து’ என்று கவனித்துக்கொண்டே இருக்கும் மூளைப்பகுதி அடங்கியது. ‘நான், எனது, என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்’ என்று அசைபோடும் வலையமைப்புக்கும், செயலைத் திட்டமிடும் பகுதிக்கும் இடையே தொடர்பு தளர்ந்தது. தூக்கம் இல்லை, மயக்கம் இல்லை. ஒன்றிலேயே ஆழ்ந்த விழிப்பு. ‘ஹிப்னாடிசம்’ என்ற சொல்லைப் பரப்பிய ஜேம்ஸ் பிரெய்டே, தூக்கத்தின் தெய்வம் ஹிப்னாஸ் பெயரை வைத்தது தப்பு என்று பிற்பாடு வருந்தி வேறு பெயர் தேடினார். நம்மிடம் வந்திருந்தால் ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்டவரைக் காட்டி ‘அறிதுயில்’ என்று சொல்லியிருப்போம்!

இன்னொரு ஆய்வு, 1997. கையைச் சுடுநீரில் வைத்திருக்கிறார்கள். ஹிப்னாசிஸில் ‘வலியின் தொல்லை குறைகிறது’ என்று சொல்கிறார்கள். சூடு அதே சூடு, ஆனால் தொல்லை குறைந்தது. மூளையில் அதற்குரிய பகுதியும் அதற்கேற்ப மாறியது! எனக்கு இந்த வைத்தியத்தின் சூட்சுமம் இங்கேதான் இருப்பதாகத் தோன்றுகிறது. ஆசையை யாரும் அறுத்தெறியப் போவதில்லை. ஆசை வரும், அதன் பிடுங்கல் குறையலாம்.

சரி, அறைக்குள் என்னதான் செய்கிறார்கள்? ஊசலாடும் கடிகாரம் எல்லாம் சினிமா. நல்ல சிகிச்சையாளர் முதல் ஒன்றிரண்டு சந்திப்புகளில் பேச மட்டுமே செய்வார். எப்போது வருகிறது அந்த உந்துதல்? தனிமையிலா, சண்டைக்குப் பிறகா, பரீட்சைக்கு முந்தின நாளா? பிறகு நாற்காலியில் சாய்ந்து, மூச்சைக் கவனித்து, படிப்படியாக இறங்குவதுபோல் எண்ணி, உடம்பைத் தளர்த்துவது. அதன் பிறகு மனக்கண்ணில் ஒரு ஒத்திகை. ராத்திரி 11 மணி. கதவு சாத்தியிருக்கிறது. கையில் போன். நெஞ்சு படபடக்கிறது. எப்போதும் ஒரே முடிவுக்குப் போகும் அந்தக் காட்சி இந்தத் தடவை வேறு முடிவுக்குப் போகிறது: போன் கூடத்தில் சார்ஜில் கிடக்கிறது, முகத்தில் தண்ணீர் படுகிறது, அலை ஏறி, உச்சிக்குப் போய், தானாக இறங்குகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட்டால் இந்த அமைதி திரும்ப வரும் என்று ஒரு அடையாளமும் பதியவைப்பார்கள். வீட்டில் தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் தாங்களே பழக வேண்டும். வீட்டுப்பாடம் இல்லாமல் இந்த வைத்தியமே இல்லை!

இதில் கவனித்தீர்களா? ‘செய்யாதே’ என்ற சொல் வரவே இல்லை. ஹெர்பர்ட் ஸ்பீகல் (மேலே வந்த டேவிட் ஸ்பீகலின் அப்பா!) 1970இல் சிகரெட்டை விடுவதற்கு ஒரே சந்திப்பில் கற்றுக்கொடுக்கும் முறையை எழுதினார். சிகரெட்டோடு சண்டை போடச் சொல்லவில்லை அவர். உன் உடம்பு உன்னை நம்பி இருக்கிறது, அதைக் காப்பாற்று என்பதைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். குரங்கை விரட்டவில்லை, மருந்தைப் பார்க்கச் சொன்னார்!

மூச்சு வாங்கிக்கொண்டு உண்மைக் கணக்கையும் பார்த்துவிடுவோம். குடல் எரிச்சல் நோய்க்கு ஹிப்னோதெரபி கேட்கிறது. மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் 1984இலேயே 30 நோயாளிகளிடம் காட்டினார், இன்று பிரிட்டனின் அரசு வழிகாட்டுதலிலேயே இடம் உண்டு. சிகரெட்டுக்கு? 14 ஆய்வுகள், 1,926 பேரை அலசிய 2019 காக்ரேன் தொகுப்பு, மற்ற வழிகளைவிடச் சிறந்தது என்பதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்று கையை விரித்துவிட்டது. கட்டுக்கடங்காப் பாலியல் நடத்தைக்கோ, கிடைப்பவை பெரும்பாலும் ஓரிரு நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள்தான். உரசிப் பார்த்த வைத்தியம் என்றால் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை. சுவீடனில் 137 ஆண்களுக்கு ஏழு வாரம் குழுவாகக் கொடுத்து, காத்திருப்போரோடு ஒப்பிட்டுப் பலனைக் காட்டினார்கள். இந்த சிகிச்சையோடு ஹிப்னாசிஸைச் சேர்த்தால் பலன் கூடுகிறது என்று 18 ஆய்வுகளைத் தொகுத்து 1995இல் இர்விங் கிர்ஷ் குழு சொன்னது. பின்னால் வந்த கணக்குகள் அந்த உற்சாகத்தைக் கொஞ்சம் தணித்தன. ஆக, ஹிப்னோதெரபி இங்கே மாப்பிள்ளை அல்ல, மாப்பிள்ளைத் தோழன். ‘மூன்றே அமர்வில் முழு விடுதலை’ என்று பேனர் கட்டியிருந்தால் அதுவும் லாட்ஜ் வைத்தியத்தின் பங்காளிதான், ஏசி போட்ட பங்காளி.

இன்னொன்று, யாரும் எதிர்பார்க்காதது! பார்க்கின்சன் நோய்க்குத் தரும் சில மாத்திரைகளே இந்த அடக்க முடியாத காமத்தைக் கிளப்பிவிடும், தெரியுமா? 3,090 நோயாளிகளைப் பார்த்து 2010இல் வந்த ஆய்வில் 3.5% பேருக்கு இந்தச் சிக்கல். வாழ்நாள் முழுக்க ஒழுக்கமாக இருந்த தாத்தா திடீரென்று மாறினால், குடும்பம் மானம் போயிற்று என்று அழும். மருந்துச் சீட்டை எடுத்து டாக்டரிடம் காட்டினால் பல சமயம் விடை அங்கேயே இருக்கும். மனப்பித்தின் உச்சத்திலும் இப்படி நடக்கும். அதனால்தான் முதலில் மனநல மருத்துவர், பிறகுதான் ஹிப்னாசிஸ். அதிலும் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரிடம். ‘உங்கள் சின்ன வயதில் என்னமோ நடந்திருக்கிறது, தோண்டி எடுக்கலாம்’ என்று ஆரம்பிப்பவர்களிடம் உஷார். ஹிப்னாசிஸில் நடக்காத நிகழ்ச்சிகூட நினைவாக முளைக்கும், நடந்ததாகவே சத்தியம் செய்வீர்கள்.

அந்த 42 நாட்டு ஆய்வில் என்னை உலுக்கியது வேறொரு எண். அபாய எல்லையில் இருந்தவர்களில் சிகிச்சையை நாடியவர்கள் வெறும் 14% தான்! மற்றவர்கள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மத்திய அரசின் டெலிமானஸ் மனநலத் தொலைபேசி 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். எடுத்த எடுப்பில் விஷயத்தைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் ‘ராத்திரி தூக்கம் வரல’ என்று தொடங்குங்கள். எதிர்முனையில் இருப்பவர் மிச்சத்தை மெல்லக் கேட்டுக்கொள்வார்.